பெட்டிக்கு ஒரு பார்கோட், பாட்டுக்கு ஒரு எண்

சென்ற மாதம் எங்கள் வானொலியில் நான் ஆற்றிய உரையை, கேட்கத் தவறியவர்களுக்காகச் சற்று விரித்து இங்கே எழுதித் தருகிறேன். உரை முடிந்ததும் தொலைபேசியில் வந்த கேள்விகளுக்கான பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

ஜனவரி மாதம் வந்தால் என்னைப் போன்ற கணக்காளர்களுக்கு நித்திரை இல்லை. 31ஆம் திகதிக்குள் வருமான வரிப் படிவங்கள் போய்விட வேண்டும். அப்படியான ஒரு மாலையில், இங்கே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய றிசீற்றுகளுடன் வந்தார். பகலில் வேலை, இரவில் கிற்றார். நண்பர்களுடன் சேர்ந்து ஒரு றொக், மெற்றல் தொகுப்பு அல்பம் வெளியிடப் போகிறாராம். பத்துக் குழுக்கள், பத்துப் பாட்டுகள். அதில் மூன்று குழுக்களில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

றிசீற்றுகளைப் பிரித்து அடுக்கும்போது ஒன்றில் 'பார்கோட், 10' என்று இருந்தது.

"ஏன் தம்பி பத்து?"

"பத்துப் பாட்டு இருக்குத்தானே அங்கிள்."

"பாட்டு பத்து. பெட்டி ஒண்டுதானே?"

தம்பி பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப பாட்டுக்கு என்ன நம்பர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இந்த உரை அந்தக் கேள்விக்கான பதில்தான். றொக் இசை எனக்கும் என் வயதுக்காரருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் விடயம் பக்திப் பாட்டுக்கும், பரதநாட்டிய இறுவட்டுக்கும், கோயில் திருவிழாவுக்கு வெளியிடும் தொகுப்புக்கும் ஒன்றுதான். ஆகவே 'இது பெடியளின் சங்கதி' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

கோடுகள் வந்த கதை

பார்கோட் இசைக்காகப் பிறந்ததல்ல. பலசரக்குக் கடைக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் நோர்மன் ஜோசப் வூட்லண்ட், பேர்னாட் சில்வர் என்ற இருவர் இதற்கான காப்புரிமையை 1952இல் பெற்றார்கள். தந்தியில் பயன்பட்ட மோர்ஸ் குறியின் புள்ளியையும் கோட்டையும் கடற்கரை மணலில் விரலால் கீழே இழுத்துப் பார்த்தபோது இந்த யோசனை தோன்றியதாக வூட்லண்ட் பின்னர் சொல்லியிருக்கிறார். கோடுகளை வாசிக்கும் கருவி மலிவாகும்வரை அந்த யோசனை 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. 1974 ஜூன் 26 அன்று ஒகாயோ மாநிலத்தின் ட்ரோய் நகரில், மார்ஷ் சுப்பர்மார்க்கெற்றில், ஒரு றிக்ளிஸ் சூயிங்கம் பொதி முதன்முதலாக வாசிக்கப்பட்டது. பிரித்தானியாவில் அது 1979 ஒக்டோபரில் நடந்தது. லிங்கன்ஷயர் ஸ்போல்டிங் நகரில் கீ மார்க்கெற்ஸ் கடையில் விற்ற ஒரு பெட்டி தேயிலைப் பைகள்தான் அந்த முதற் பொருள்.

எங்களில் பலர் இந்த நாட்டில் பார்த்த முதல் வேலையே ரில்லில் நிற்பதுதான். பட்டம் பெற்று வந்த நானும் கணக்காளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்தவன்தான். கோடு உள்ள பொருளைக் காட்டினால் 'பீப்' என்று விலை வரும். கோடு இல்லாத பொருளுக்கு விலை தேடி, கையால் அடிக்க வேண்டும். வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விடுவார். அந்த 'பீப்' விலையை மட்டும் தருவதில்லை. இருப்பில் ஒன்று குறைந்தது, விற்பனையில் ஒன்று கூடியது என்று கணக்கிலும் எழுதிவிடுகிறது. கையால் விலை அடித்த பொருளுக்கு அந்த வரவு இல்லை. காசு பெட்டிக்குள் வரும். எந்தப் பொருள் போனது என்பது ஒருவருக்கும் தெரியாது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

கோடுகளின் கீழே உள்ள எண் ஐரோப்பிய முறையில் 13 இலக்கம், அமெரிக்க முறையில் 12 இலக்கம். இரண்டையும் ஆண்ட அமைப்புகள் 2005இல் 'ஜீ.எஸ்.1' என்ற ஒரே பெயருக்குள் வந்தன. 12 இலக்க எண்ணின் முன்னால் ஒரு பூச்சியத்தைப் போட்டால் அது 13 இலக்க எண்ணாகிவிடும். தொடக்கத்தில் உள்ள சில இலக்கங்கள் எண்ணை வழங்கிய நாட்டுக் கிளையைக் காட்டும். பிரித்தானியாவுக்கு 50, இலங்கைக்கு 479, இந்தியாவுக்கு 890. அடுத்து வருவது கம்பனிக்குரிய எண். அதற்கடுத்தது பொருளின் எண். கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம்.

'479 என்றால் இலங்கையில் செய்த சாமான்' என்று கடையில் பேசுவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அது முழு உண்மையல்ல. அந்த எண்ணை எந்த நாட்டுக் கிளை வழங்கியது என்பதைத்தான் 479 சொல்கிறது. பொருள் எங்கே விளைந்தது, எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

இதற்கு எங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஓர் உதாரணம் இருக்கிறது. ஹவுன்ஸ்லோவில் பிறந்து, சிறு வயதை ஈழத்தில் கழித்து, அகதியாக லண்டனுக்குத் திரும்பி வந்த மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ., தன் முதல் அல்பத்துக்குத் தகப்பனாரின் பெயரால் 'அருளர்' என்று பெயர் வைத்தார். 2005இல் லண்டனின் எக்ஸ்.எல். றெக்கோடிங்ஸ் அதை வெளியிட்டது. அந்த இறுவட்டின் பார்கோட் எண் 634904018627. லண்டன் பாடகி, லண்டன் கம்பனி. ஆனால் எண் 50இல் தொடங்கவில்லை, அமெரிக்க முறையில் 12 இலக்கமாக இருக்கிறது. எண்ணை வைத்து ஊரைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இந்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போம். 634904 கம்பனிக்குரியது. நடுவில் வரும் 186 அந்தக் கம்பனி இந்த அல்பத்துக்குத் தன் பட்டியலில் கொடுத்த எண்; உறையில் 'எக்ஸ்.எல்.சி.டி. 186' என்று இருக்கும். அடுத்த 2 இறுவட்டைக் குறிக்கிறது. இசைத்தட்டுக்கு 1, இறுவட்டுக்கு 2, ஒலிநாடாவுக்கு 4 என்பது இசைக் கம்பனிகள் பல கைக்கொண்ட ஒரு வழக்கம். சட்டம் அல்ல, வழக்கம்தான்.

கடைசி 7தான் சரிபார்க்கும் இலக்கம். பேனையை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 1ஆம், 3ஆம், 5ஆம், 7ஆம், 9ஆம், 11ஆம் இடங்களில் உள்ளவை 6, 4, 0, 0, 8, 2. கூட்டினால் 20, மூன்றால் பெருக்கினால் 60. இரட்டை இடங்களில் உள்ளவை 3, 9, 4, 1, 6. கூட்டினால் 23. இரண்டும் சேர்ந்து 83. அடுத்த பத்து 90. அதற்கு இன்னும் 7 வேண்டும். அந்த 7தான் கடைசியில் நிற்கிறது.

கொமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதன். பேரேட்டில் 86ஐ 68 என்று மாற்றி எழுதிவிட்டால் வித்தியாசம் ஒன்பதால் பிரிபடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கேயும் அதே நோக்கம்தான். அந்த 8ஐயும் 6ஐயும் இடம் மாற்றிக் கூட்டிப் பாருங்கள். 79 வரும், கடைசி இலக்கம் 1 ஆக இருக்க வேண்டும். ஆனால் 7 நிற்கிறது. கருவி உடனே ஏற்க மறுக்கும். ஒரேயொரு இலக்கம் பிழைத்தால் எப்போதும் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அநேகமாகப் பிடிபடும். வித்தியாசம் சரியாக 5 உள்ள சோடிகள், உதாரணமாக 1உம் 6உம் இடம் மாறினால் மட்டும் தப்பிவிடும்.

மெற்றல் என்றதும் ஒரு நேயர் கேட்டார், 'பார்கோட்டில் 666 ஒளிந்திருக்கிறதாமே?' என்று. கோடுகளின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இரண்டிரண்டு மெல்லிய, நீண்ட கோடுகள் உண்டு. இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று கருவிக்குக் காட்டும் எல்லைக் கற்கள் அவை. 6 என்ற இலக்கத்தின் கோடுகளும் பார்வைக்கு அதே போல இருப்பதால் இந்தக் கதை பிறந்தது. கருவி அவற்றை ஓர் எண்ணாக வாசிப்பதே இல்லை. பயப்பட ஒன்றுமில்லை.

எண்ணியதால் வெளிச்சத்துக்கு வந்தவர்கள்

இப்போது ஒரு சிறு வரலாறு. 1970களின் பிற்பகுதி. எங்களில் பலர் இன்று சாமான் வாங்கப் போகும் கிங்ஸ்பரியில் 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்' என்று ஒரு பப் இருந்தது. அங்கே நீல் கே என்பவர் 'சவுண்ட்ஹவுஸ்' என்ற பெயரில் மெற்றல் இசைத்தட்டுகளைப் போடுவார். வந்தவர்கள் எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று எண்ணிப் பட்டியல் போட்டார். எங்கள் 'நேயர் விருப்பம்' மாதிரித்தான். அந்தப் பட்டியலை 'சவுண்ட்ஸ்' என்ற இசைப் பத்திரிகை அச்சிட்டது. லேட்டன் பக்கத்துப் பெடியள் தொடங்கிய 'அயர்ன் மெய்டன்' என்ற குழுவின் பாட்டு, கம்பனி எதுவும் வெளியிடுவதற்கு முன்பே, அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அவர்கள் 1979 நவம்பரில் 'சவுண்ட்ஹவுஸ் ரேப்ஸ்' என்ற இசைத்தட்டை 5,000 பிரதிகள் தாங்களே அடித்துத் தபாலில் விற்றார்கள். அடுத்த மாதமே ஈ.எம்.ஐ. கம்பனி அவர்களை ஒப்பந்தம் செய்தது. 1980இல் ஈ.எம்.ஐ. வெளியிட்ட 'மெற்றல் ஃபோர் மதாஸ்' என்ற தொகுப்பு அல்பத்தில் அவர்களின் இரண்டு பாட்டுகள் இடம்பெற்றன. அந்த இசைத்தட்டின் எண் ஈ.எம்.சி. 3318.

தம்பி செய்யும் அல்பத்தின் பாட்டன் என்று அந்தத் தொகுப்பைச் சொல்லலாம். பல சிறு குழுக்கள், ஒரே தட்டு. கிங்ஸ்பரியில் ஒருவர் விருப்பங்களை எண்ணி எழுதாவிட்டால், இப்படி ஓர் இசைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய கம்பனிகளுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது.

அதே பாடத்தைப் பார்கோட் அமெரிக்காவில் பெரிய அளவில் படிப்பித்தது. அங்கே பில்போட் பத்திரிகையின் விற்பனைப் பட்டியல், கடைக்காரர்கள் வாயால் சொன்ன வரிசையை நம்பித்தான் தயாரானது. எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர் நினைத்தாரோ அதுவே மேலே வந்தது. 1991 மே மாதத்தில் பில்போட் 'சவுண்ட்ஸ்கான்' முறைக்கு மாறியது. கடை ரில்லில் வாசிக்கப்படும் பார்கோட்டை நேரடியாக எண்ணும் முறை அது. சில வாரங்களுக்குள், ஜூனில், 'ஸ்கிட் ரோ' என்ற மெற்றல் குழுவின் அல்பம் வெளிவந்த வாரமே முதலிடத்தில் நுழைந்தது. ஓகஸ்ற்றில் வந்த 'மெற்றலிக்கா' குழுவின் அல்பமும் அப்படியே. ஒரே இரவில் அமெரிக்கர்கள் மெற்றலுக்கு மாறிவிடவில்லை. முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். மதிப்பிட்டுச் சொன்னவர்கள் அவர்களை ஒழுங்காகக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிரித்தானியாவில் 1983இல் காலப் நிறுவனம் பட்டியல் பொறுப்பை ஏற்று, கடைகளில் சிறு கணினிகளை வைத்தது. அப்போது கடைக்காரர் தட்டின் எண்ணைக் கையால் தட்டினார். பார்கோட் வாசிப்பு பின்னர் அந்த இடத்துக்கு வந்தது. தொகுப்பு அல்பங்கள் 1989 ஜனவரி முதல் தனிப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. இன்றும், விற்பனை பட்டியலில் சேர வேண்டுமானால் அல்பமும் அதன் பார்கோட்டும் முன்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும்.

பாட்டுக்கு என்ன நம்பர்?

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம். பார்கோட் எண்ணுவது பெட்டியை. உள்ளே இருக்கும் பாட்டை அல்ல. பாட்டுக்கு வேறு எண் உண்டு. உண்மையில் இரண்டு எண்கள் உண்டு.

இந்த நாட்டுக்கு வந்த எங்களுக்கு எண்கள் புதிதல்ல. முதலில் ஹோம் ஒஃபிஸ் இலக்கம். பிறகு வேலைக்குப் போனதும் சம்பளத் துண்டில் ஒரு ஊழியர் இலக்கம். வேலை மாறினால் அந்த இலக்கமும் மாறும். ஆனால் நாஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம் மட்டும் எத்தனை வேலை மாறினாலும் மாறாது. கடைசியில் பென்சன் கணக்கை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு வேலைத்தலத்தில் அந்த இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டால், உழைத்த காசு உங்கள் பெயரில் சேராது.

அல்பத்தின் பார்கோட்டும் பட்டியல் எண்ணும் ஊழியர் இலக்கம் மாதிரி. பாட்டு எந்தப் பெட்டிக்குள் ஏறியதோ அந்தப் பெட்டிக்குரியவை. பாட்டின் நாஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம் ஐ.எஸ்.ஆர்.சி. என்பது. சர்வதேச ஒலிப்பதிவுக் குறியீடு என்று சொல்லலாம். 1986இல் சர்வதேசத் தர நியமமாக வந்தது. 12 எழுத்தும் இலக்கமும் சேர்ந்தது. முதல் ஐந்து இடங்கள் குறியீட்டை வழங்கும் உரிமை பெற்றவரைக் காட்டும். அடுத்த இரண்டு, குறியீடு வழங்கிய ஆண்டு. கடைசி ஐந்தும் அந்த ஆண்டில் அவர் வழங்கிய வரிசை எண். பிரித்தானியாவில் இதை நிர்வகிப்பது பி.பி.எல்.; அங்கே பதிந்து இலவசமாகவே பெறலாம்.

இது ஒலிப்பதிவுக்கு உரிய எண். அதே பாட்டை வேறொருவர் பாடிப் பதிந்தால், அது வேறு ஒலிப்பதிவு, வேறு எண். பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும், அதாவது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய படைப்புக்கு, இன்னொரு எண் இருக்கிறது. அது ஐ.எஸ்.டபிள்யூ.சி. இங்கே பி.ஆர்.எஸ். அமைப்பில் பாட்டைப் பதிந்தால் அந்த எண் கிடைக்கும்.

மூன்றும் எப்படி ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றன என்பதற்கு மீண்டும் எம்.ஐ.ஏ.யின் பாட்டு ஒன்றை எடுப்போம். 'பேப்பர் பிளேன்ஸ்' 2007இல் 'கலா' அல்பத்தில் வந்தது. அல்பத்தின் பெயர் தாயாருடையது. 2008இல் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'ஸ்லம்டோக் மில்லியனெயர்' படத்தின் இசைத் தொகுப்பிலும் அதே பாட்டு வந்தது. பெட்டிகள் இரண்டு, ஆகவே பார்கோட்டும் இரண்டு. ஆனால் ஒலிப்பதிவு ஒன்று என்றால் ஐ.எஸ்.ஆர்.சி.யும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதே தொகுப்பில் அந்தப் பாட்டை வேறொருவர் மீளக் கலந்த வடிவமும் இருக்கிறது. அது புது ஒலிப்பதிவு. அதற்குத் தனி எண் வேண்டும். இனிப் படைப்பாளிகளைப் பாருங்கள். அந்தப் பாட்டின் பின்னணியில் ஓடும் இசை, 'த கிளாஷ்' என்ற லண்டன் றொக் குழு 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. அதனால் எழுதியவர்கள் பட்டியலில் எம்.ஐ.ஏ.யுடனும் அமெரிக்கத் தயாரிப்பாளர் டிப்லோவுடனும் கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயரும் இருக்கிறது. பார்கோட்டைப் பார்த்து இதில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் பாட்டுகள் எங்கே நிற்கின்றன?

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடுகளில் இருக்கும் ஒலிநாடாக்களையும் இறுவட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்தவை, பாரிசிலும் ரொறன்ரோவிலும் வெளியிட்டவை, லண்டன் மண்டபங்களில் பொன்னாடை போர்த்தி வெளியிட்டவை. பலவற்றில் பார்கோட் இல்லை. அது பெரிய குறையல்ல. கடையில் விற்காத பெட்டிக்குப் பார்கோட் தேவையுமில்லை. ஆனால் ஐ.எஸ்.ஆர்.சி.யும் இல்லை. சிலவற்றில் தபேலா வாசித்தவர் யார், பாட்டு எழுதியவர் யார் என்ற விபரமே இல்லை. கணினியில் போட்டால் 'பாட்டு 01, பாட்டு 02' என்றுதான் காட்டும்.

நான் ஒரு விடயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களைப் போன்ற வானொலிகள் பாட்டுப் போடுவதற்கு பி.பி.எல்., பி.ஆர்.எஸ். இரண்டுக்கும் அனுமதிப் பணம் கட்டுகின்றன. எதை ஒலிபரப்பினோம் என்ற பதிவும் வைத்திருக்க வேண்டும். பி.பி.எல். சேர்க்கும் பணத்தில், செலவு போக, பாதி ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் பாதி பாடியவர், வாத்தியம் வாசித்தவர்களுக்கும் போகும். 1996ஆம் ஆண்டின் விதிகள் அந்தப் பங்கைக் கலைஞர்களுக்குச் சட்டப்படியான உரிமையாக்கின. ஒரு தொண்டராக வருடக்கணக்கில் நான் அந்தப் பதிவேட்டில் எழுதியது என்ன தெரியுமா? 'தொகுப்பு. பல கலைஞர்கள். பாட்டு 7.' மற்றவரின் பேரேட்டில் ஒரு பென்ஸ் பிழைத்தாலும் விடாத கணக்காளன், எங்கள் கலைஞர்களின் வரவை 'பலர்' என்று எழுதி மூடிவிட்டிருக்கிறேன்.

ஒருநாள் முதிய வாத்தியக் கலைஞர் ஒருவர் கலையகத்துக்கு வந்திருந்தார். நாங்கள் அடிக்கடி போடும் ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதில வயலின் நான்தான் தம்பி" என்றார். எத்தனையோ தடவை அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது. உறையில் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் காசு கேட்கவில்லை. 'பேர் எங்கையாவது இருக்கோ?' என்று மட்டும்தான் கேட்டார்.

தொகை பெரிதாக இருக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சிறு வானொலி ஒன்றில் ஒரு பாட்டுப் போனால் கிடைப்பது சில்லறைதான். ஆனால் அதே பாட்டு நாளை ஒரு படத்திலோ, ஒரு பெரிய வானொலியிலோ, இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கேட்கும் பட்டியலிலோ வந்தால், பதியாதவருக்குச் சில்லறையும் இல்லை. பிரித்தானியாவில் ஒலிப்பதிவு உரிமை 2013இல் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டப்பட்டது. 1990இல் இங்கே வெளியான பதிவு 2060 முடியும்வரை ஒருவருக்குச் சொந்தம். அந்த ஒருவர் யார் என்று எழுதி வைக்காவிட்டால், எங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் அது ஒருவருக்கும் சொந்தமில்லாத பாட்டு ஆகிவிடும்.

அல்பம் வெளியிடுபவர்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் அனுமதி. பார்கோட் உரிமைப் பத்திரம் அல்ல. தொகுப்பு என்றால் ஒவ்வொரு ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இறுவட்டு அடிப்பதற்கு, பாட்டை எழுதியவர்களின் பங்குக்காக எம்.சி.பி.எஸ். உரிமம் தேவைப்படலாம். அச்சடிக்கும் நிறுவனமே அதைக் கேட்கும்.

2. ஒரு வடிவத்துக்கு ஒரு பார்கோட். பத்துப் பாட்டு உள்ள இறுவட்டுக்கு ஒன்று போதும். அதையே இசைத்தட்டாகவும் வெளியிட்டால் அதற்கு இன்னொன்று. இணையத்தில் விடும் அல்பத்துக்கும் தனியாக ஒன்று.

3. பார்கோட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். முறையான வழி ஜீ.எஸ்.1 யு.கே.யில் உறுப்பினராவது, அதற்கு வருடக் கட்டணம் உண்டு. ஒரேயொரு அல்பம் வெளியிடுபவர்களுக்கு, இணைய விநியோக நிறுவனங்களும் இறுவட்டு அடிப்பவர்களும் தங்கள் எண்களில் ஒன்றைத் தருவது வழக்கம். சில்லறையாக மலிவுக்கு விற்பவர்களிடம் வாங்கினால் கோடு வேலை செய்யும். ஆனால் பதிவேட்டில் பார்த்தால் உங்கள் அல்பம் வேறு யாரோ ஒரு கம்பனியின் பெயரில் நிற்கலாம்.

4. ஏற்கெனவே வெளியான பாட்டுக்குப் பழைய ஐ.எஸ்.ஆர்.சி.யையே பயன்படுத்துங்கள். தொகுப்பவர் புது எண் போடக்கூடாது. அதை அந்தக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். இதுவரை வெளிவராத பதிவென்றால், அதன் உரிமையாளர் எண் எடுத்துத் தர வேண்டும். மூல நாடாவைத் தயாரிப்பவரிடம் எண்களைக் கொடுத்தால் இறுவட்டுக்குள்ளேயே பதித்துத் தருவார்.

5. விநியோக நிறுவனம் தானே ஐ.எஸ்.ஆர்.சி. கொடுத்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறு நிறுவனத்துக்கு மாறும்போது அதே எண்ணைக் கொண்டுபோக வேண்டும். மறந்து புது எண் எடுத்தால் ஒரே பாட்டின் கணக்கு இரண்டு பேரேட்டில் பிரிந்துவிடும்.

6. பாடியவர்கள், வாசித்தவர்கள் எல்லோரும் பி.பி.எல்.இல் பதிய வேண்டும். எழுதியவரும் இசையமைத்தவரும் பி.ஆர்.எஸ்.இல். பழைய வருடங்களுக்கான பணத்தைக் கேட்பதற்குக் காலவரை உண்டு. ஆகவே ஆறப் போடாதீர்கள்.

7. எண் இருக்கட்டும், பெயர் அதைவிட முக்கியம். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடினார், யார் எழுதினார், யார் எதை வாசித்தார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று உறையில் அச்சிடுங்கள். எழுதி வைத்திருந்தால் எண்ணைப் பிறகும் எடுக்கலாம். வாசித்தவர் போனபின் பெயரை எடுக்க முடியாது.

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்துப் பார்கோட்டில் ஒன்றையும் அவர் பயன்படுத்தவில்லை. அச்சடிப்பவரே ஒன்று தந்தார். பத்துக் குழுக்களுக்கும் தொலைபேசி எடுத்து ஐ.எஸ்.ஆர்.சி. சேகரித்தார். நான்கு குழுக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, இப்போது எடுத்துவிட்டார்கள். உறையின் பின்பக்கத்தில் இடம் போதவில்லை என்று படத்தைச் சிறிதாக்கி, 38 பேரின் பெயரை அச்சிட்டிருக்கிறார். பாவித்தோ பாவிக்காமலோ, அந்தப் பத்துப் பார்கோட்டின் செலவை வியாபாரச் செலவாக நான் கணக்கில் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் வானொலியின் பதிவேட்டிலும் இப்போது 'பல கலைஞர்கள்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். பழைய இறுவட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, பெயர்களை நிரப்பி வருகிறோம். முதலில் நிரப்பியது அந்த வயலின்காரரின் பெயர். உங்கள் வீட்டில் பழைய ஒலிநாடாவோ இறுவட்டோ இருந்தால், அதில் வாசித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கலையகத்துக்குக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். தேநீர் தருவேன்.

அடுத்த மாத உரையில் சந்திப்போம்.